எச்-இன்டெக்ஸ் 9 என்றால் நல்லதா? ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவும் மேசை என்னுடையது. பதவி உயர்வு விண்ணப்பம், நேர்முகத் தேர்வு, ஆய்வு நிதி என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் போதும், கையில் ஒரு காகிதத்தோடு வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒரு எண். அந்த எண்ணைப் பற்றிய சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரே பதிலைப் பல முறை சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். எளியவை மேலே, தலைவலி தருபவை கீழே.

யாராவது நம்ம பேப்பரைப் படிச்சாலே அது சைட்டேஷனா, மேடம்?

இல்லை. படித்தாலும், பதிவிறக்கினாலும், வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் கணக்கில் வராது. இன்னொரு கட்டுரை தன் மேற்கோள் பட்டியலில் உங்கள் கட்டுரையைச் சேர்த்தால்தான் அது சைட்டேஷன், அதாவது மேற்கோள். ஒரு கட்டுரையை யார் யார் எடுத்தாண்டார்கள் என்று பின்னோக்கித் தேடும் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்தார். 1960களில் அது தடித்தடி அச்சுத் தொகுதிகளாக வந்தது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு. அவர் முதலில் நினைத்தது தேடுவதற்கான கருவியைத்தான். ஆளை எடைபோடும் வேலை அதன் தலையில் பின்னால் ஏறியது.

மேற்கோள் எதைக் காட்டுகிறது என்றால், பயன்பாட்டை. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லும் லௌரி குழுவின் 1951 கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. அந்த முறையைக் கையாண்ட ஆய்வுக்கூடங்கள் எல்லாம் ஒரு வரி போட்டுவிட்டுப் போயின. மறுபக்கம், நிறை-ஆற்றல் சமன்பாட்டை எழுதுகிறவர்கள் யாரும் ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரையைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பாடப்புத்தகத்தில் கரைந்துபோன கண்டுபிடிப்புக்கு மேற்கோள் நின்றுவிடும்.

எச்-இன்டெக்ஸை எப்படிக் கணக்குப் போடுறது?

உங்கள் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். எட்டுக் கட்டுரைகள் இருக்கின்றன, அவற்றுக்கு முறையே 31, 18, 9, 6, 5, 5, 2, 0 என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, சரி. ஆறாவதற்கு 6 வேண்டும், ஆனால் இருப்பது 5. அங்கே நிற்கவும். எச்-இன்டெக்ஸ் 5. குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற ஐந்து கட்டுரைகள் உங்களிடம் உண்டு என்பதுதான் இதன் பொருள்.

இதை 2005இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தார். ஒரே ஒரு கட்டுரை வெடித்துப் பேர் வாங்கியவரும், யாரும் தொடாத நூறு கட்டுரை எழுதியவரும் இதில் தப்பிக்க முடியாது என்பது இதன் கவர்ச்சி. குறையும் அதிலேயே இருக்கிறது. மேலே உள்ள 31 நாளைக்கு 3,100 ஆனாலும் எச்-இன்டெக்ஸ் 5தான். இன்னொன்று, எழுதுவதை நிறுத்தினாலும் இந்த எண் இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் ஏறலாம்.

என் எச்-இன்டெக்ஸ் 9. இது நல்லதா, மோசமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். எந்தத் துறை? முதல் கட்டுரை வந்து எத்தனை வருடம்? இரண்டும் தெரியாமல் 9 என்பது, ஊர் பெயர் சொல்லாமல் "வாடகை 9 ஆயிரம்" என்று சொல்வது மாதிரி. சென்னையின் நடுவிலா, கடலாடியிலா என்று தெரிய வேண்டாமா?

ஹிர்ஷின் அந்தக் கட்டுரையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இயற்பியலில் அவர் கண்ட உச்சம் எட்வர்ட் விட்டன், எச் 110. உயிரியலில் சாலமன் ஸ்னைடர், எச் 191. விட்டனை விட ஸ்னைடர் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய அறிவியலாளர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு ஊர், இரண்டு வாடகை, அவ்வளவுதான். வயதுக்கும் ஹிர்ஷ் ஒரு வழி சொன்னார். எச்-இன்டெக்ஸை, முதல் கட்டுரையிலிருந்து கழிந்த வருடங்களால் வகுக்க வேண்டும். இயற்பியலில் 1 வந்தால் வெற்றிகரமான ஆய்வாளர், 2 வந்தால் மிகச் சிறந்தவர் என்பது அவர் கணிப்பு. "இயற்பியலில்" என்ற சொல்லை மறக்காமல் படிக்கவும்.

துறைக்குத் துறை ஏன் இவ்வளவு வித்தியாசம்? கணக்குக்காரங்க எல்லாம் சோம்பேறிங்களா?

கேட்டவர் உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆய்வு மாணவர். பக்கத்தில் கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

முதல் காரணம், பட்டியலின் நீளம். மூலக்கூறு உயிரியல் கட்டுரையில் மேற்கோள் பட்டியல் ஐம்பது அறுபது என்று நீள்வது வழக்கம். கணிதத்தில் பெரும்பாலும் இருபது முப்பதில் முடிந்துவிடும். கொடுப்பவர்கள் கை இறுகியிருந்தால் வாங்குபவர்களுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். இரண்டாவது, எத்தனை பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்பது. மருத்துவத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால் பத்துப் பேர் கணக்கிலும் அது முழுதாக ஏறும். ஒரே ஆளாக உட்கார்ந்து மூன்று வருடம் ஒரு தேற்றத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை. துறையின் வளர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். வேகமாகப் பெருகும் துறையில் நேற்றைய கட்டுரைகள் குறைவு, அவற்றை மேற்கோள் காட்ட இன்றைக்கு வருகிறவர்கள் மிக அதிகம்.

எல்லாவற்றையும் விடக் காலம்தான் பெரிய காரணம். இராமானுஜன் 1920 ஜனவரியில், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா என்ற ஒருவகைக் கணிதச் சார்புகளைப் பற்றிச் சொன்னார். அது கட்டுரைகூட இல்லை, கடிதம். அந்தச் சார்புகள் உண்மையில் என்ன என்பது 2002இல் சாண்டர் ஸ்வெகர்ஸ் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் தெளிவானது. எண்பத்திரண்டு வருடம். இரண்டு வருடம், ஐந்து வருடம் என்று சாளரம் வைத்து அளக்கிற எந்த அளவுகோலிலும் அந்தக் கடிதத்தின் மதிப்பு பூச்சியம். இப்படித் தூங்கி எழுகிற கட்டுரைகளுக்கு ஃபான் ரான் என்ற டச்சு ஆய்வாளர் 2004இல் "தூங்கும் அழகிகள்" என்று பெயரே வைத்துவிட்டார்.

கூகுள் ஸ்காலர்ல 412 காட்டுது, ஸ்கோபஸ்ல 188தான் இருக்கு. எது நிஜம்?

இரண்டும் நிஜம். இரண்டும் வேறு வேறு குடத்தில் இருந்து தண்ணீர் மொள்கின்றன. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் மேற்கோள்களைத் தொகுக்கும் தரவுத்தளங்கள், தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களை மட்டும் எண்ணும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்வரைவு, மாநாட்டுத் தொகுப்பு, அறிக்கை, புத்தகம் என்று இணையத்தில் அகப்பட்டதை எல்லாம் எண்ணும். அதனால் அங்கே பெரும்பாலும் எண் பெரிதாக இருக்கும். சில நேரம் ஒரே கட்டுரை இரண்டு பதிவாக இருக்கும், வேறொருவரின் கட்டுரை உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது உங்கள் பக்கத்தைத் திறந்து களை எடுங்கள்.

விண்ணப்பத்தில் எண் எழுதும்போது பக்கத்திலேயே மூலமும் தேதியும் எழுதுங்கள். "எச்-இன்டெக்ஸ் 9, ஸ்கோபஸ், இன்ன தேதி நிலவரம்" என்று இருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒருவரை ஸ்காலரிலும் இன்னொருவரை ஸ்கோபஸிலும் எடுத்து ஒப்பிடும் அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைக் குப்பைத்தொட்டியில் போடலாம்.

ஐ10, ஜி-இன்டெக்ஸ்னு வேற போடச் சொல்றாங்களே?

ஐ10 என்பது குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. கூகுள் ஸ்காலர் காட்டுவது. மேலே எடுத்துக்கொண்ட எட்டுக் கட்டுரைக்காரருக்கு அது 2. ஜி-இன்டெக்ஸ் 2006இல் லியோ எகே சொன்னது. முதல் ஜி கட்டுரைகளின் மொத்த மேற்கோள் குறைந்தது ஜியின் வர்க்கமாக இருக்க வேண்டும். அதே ஆளுக்கு எட்டுக் கட்டுரையிலும் சேர்த்து 76, எட்டின் வர்க்கம் 64, ஆகவே ஜி 8. வெடித்த கட்டுரைக்கு எச் தராத பலனை ஜி கொஞ்சம் தரும். படிவத்தில் கேட்டால் போடுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள்.

இம்பேக்ட் ஃபேக்டர் 6 இருக்கிற ஜர்னல்ல என் பேப்பர் வந்திருக்கு. அப்போ என் பேப்பரோட மதிப்பு 6தானே?

இல்லை. ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு வருடங்களில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த வருடம் பெற்ற மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இம்பேக்ட் ஃபேக்டர். அது ஜர்னலின் சராசரி. பேருந்தில் ஒரு கோடீஸ்வரர் ஏறினால் பயணிகளின் சராசரி வருமானம் எகிறும், ஆனால் உங்கள் பையில் இருக்கும் பணம் அப்படியேதான் இருக்கும்.

இதற்கு உண்மையாகவே நடந்த கதை ஒன்று உண்டு. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் ஜர்னலின் இம்பேக்ட் ஃபேக்டர் 2008இல் 2.051. அடுத்த வருடம் 49.926. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தன் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி 2008இல் அங்கே ஒரு கட்டுரை எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். அந்த ஒரு கட்டுரை ஜர்னலையே தூக்கிக்கொண்டு போனது. அதே இதழில் மற்றக் கட்டுரைகளை எழுதியவர்கள் ஒரே இரவில் இருபது மடங்கு உயர்ந்துவிடவில்லை. நேச்சர் இதழே 2005இல் தன் கணக்கைப் பிரித்துப் பார்த்து, தன் இம்பேக்ட் ஃபேக்டருக்கான மேற்கோள்களில் 89 சதவீதம் வெறும் 25 சதவீதக் கட்டுரைகளிலிருந்து வந்தவை என்று எழுதியது.

நீங்க சொல்றது சரி, ஆனா யுஜிசியே இம்பேக்ட் ஃபேக்டரைப் பார்த்துத்தானே மார்க் போடுது?

ஆமாம். 2018 விதிமுறையின்படி ஆய்வுக் கட்டுரைக்கான அடிப்படை மதிப்பெண்ணோடு, இம்பேக்ட் ஃபேக்டர் இல்லாத ஜர்னலுக்கு 5, 1-க்குக் கீழே இருந்தால் 10, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, 10-க்கு மேல் 30 என்று கூடுதலாகச் சேரும். பேருந்துக் கதையை மேலே சொல்லிவிட்டேன். அதோடு துறைச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கணிதத்தில் மதிக்கப்படும் ஜர்னல்கள் பலவற்றின் இம்பேக்ட் ஃபேக்டரே 1-க்கும் 2-க்கும் இடையில்தான். பொருளறிவியலில், அதாவது மெட்டீரியல் சயின்ஸில், 5-ஐத் தாண்டும் ஜர்னல்கள் நிறைய. ஆக, கணிதத்தின் நல்ல கட்டுரைக்கு 15, பொருளறிவியலின் சுமாரான கட்டுரைக்கு 25. விதியை எழுதியவர்கள் இதை யோசித்தார்களா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

படிவத்தில் கேட்பதைக் கேட்டபடி நிரப்புங்கள், அதில் வீரம் காட்ட வேண்டாம். ஆனால் தனியாக ஒரு பக்கம் இணைக்க இடம் இருந்தால், உங்கள் துறைக்குள் அந்த ஜர்னல் எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். முதல் கால்பகுதி, நடைமுறையில் எல்லோரும் சொல்லும் க்யூ1, துறைக்குள்ளேயே ஒப்பிட்டுச் சொல்வது. அதனால் கொஞ்சம் நியாயமானது.

ஸ்கோபஸ் ஜர்னல்னு நம்பிப் பணம் கட்டிப் போட்டேன். இப்போ லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டாங்களாம். என் பேப்பர் போச்சா?

பொதுவாக, நீக்குவதற்கு முன் ஏறிய கட்டுரைகள் தரவுத்தளத்தில் இருக்கும். புதியவைதான் ஏறாது. உங்கள் கட்டுரை ஏறியிருக்கிறதா என்று உடனே தேடிப் பார்த்து, பக்கத்தைச் சேமித்து வையுங்கள். பட்டியல் என்பது எப்போதுமே நிலையில்லாதது. யுஜிசி 2018 மே மாதத்தில் தன் பட்டியலில் இருந்து 4,305 ஜர்னல்களை ஒரே வீச்சில் நீக்கியது. அதன் பின் வந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. ஜர்னலின் முகப்பில் இருக்கும் முத்திரையை நம்பாமல், அனுப்பும் அன்று ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பயாலஜியையும் மேத்ஸையும் ஒரே தராசுல வைக்க வழியே இல்லையா?

ஓரளவு இருக்கிறது. ஒரு கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையை, அதே துறையில் அதே வருடம் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுக்க வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு. 2019இல் வந்த கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், அந்தத் துறையின் அந்த வருடச் சராசரி 6 என்றால் விடை 2. அதே வருடம் வந்த மூலக்கூறு உயிரியல் கட்டுரைக்கு 40 மேற்கோள், சராசரி 50 என்றால் விடை 0.8. வெறும் எண்ணில் 40 பெரியது. துறைக்குள் வைத்துப் பார்த்தால் 12தான் பெரியது. ஸ்கோபஸ் இந்த வகைக் கணக்கை எஃப்டபிள்யூசிஐ என்ற பெயரில் காட்டுகிறது. 1 என்றால் உலகச் சராசரி.

இது வெறும் சமாதானம் இல்லை. 2008இல் ரதிக்கி, ஃபோர்ச்சுனாட்டோ, காஸ்டெல்லானோ மூவரும் பல துறைகளின் மேற்கோள் பரவலை எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் சராசரியால் வகுத்துப் பார்த்தார்கள். தனித்தனியாகத் தெரிந்த கோடுகள் ஏறக்குறைய ஒன்றன் மேல் ஒன்று படிந்துவிட்டன.

இரண்டு கண்ணிகள் உண்டு. ஐந்தாறு கட்டுரைகளே உள்ள இளம் ஆய்வாளருக்கு ஒரே ஒரு கட்டுரை இந்த எண்ணை எங்கேயோ தூக்கிவிடும், ஆகவே சராசரியை விட "துறையின் முதல் 10 சதவீதத்துக்குள் எத்தனை கட்டுரை" என்று பார்ப்பது நல்லது. அப்புறம், துறை எது என்று யார் முடிவு செய்வது? தரவுத்தளம் கட்டுரையை அது வந்த ஜர்னலை வைத்துத்தான் பெரும்பாலும் வகைப்படுத்துகிறது. ஒரு புள்ளியியலாளர் தன் கட்டுரையை மருத்துவ ஜர்னலில் வெளியிட்டால் மருத்துவர்களோடு ஓட்டப்பந்தயத்தில் நிற்க வேண்டிவரும்.

எங்க சார் பேர் ஸ்டான்ஃபோர்டு 2 சதவீதப் பட்டியல்ல வந்திருக்கு, பிளெக்ஸ் போர்டு வச்சாச்சு. அது பெரிய விஷயமா?

வாழ்த்துகள், ஆனால் போர்டில் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது இல்லை. அங்கே பணிபுரியும் ஜான் இயோன்னிடிஸும் உடன் ஆய்வாளர்களும் ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரித்து எல்செவியர் பதிப்பகத்தின் தரவுக் களஞ்சியத்தில் வெளியிடும் பட்டியல். ஆய்வாளர்களை 22 துறை, 174 உட்துறை என்று பிரித்திருக்கிறார்கள். மேலே சொன்ன தராசுச் சிக்கலுக்கு இது ஒரு நேர்மையான முயற்சி என்பேன். மொத்த மேற்கோள், எச், கூட்டாசிரியர் எண்ணிக்கையைச் சரிக்கட்டிய எச், இவற்றோடு தனி ஆசிரியராக, முதல் ஆசிரியராக, கடைசி ஆசிரியராக எழுதியவற்றின் மேற்கோள்கள் என ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்குகிறார்கள். சொந்த மேற்கோளை நீக்கியும் காட்டுகிறார்கள்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். வாழ்நாள் பட்டியலா, ஒரு வருடப் பட்டியலா? இரண்டும் தனித்தனி. ஒரு வருடப் பட்டியல் அந்த வருடம் மட்டும் வந்த மேற்கோள்களைப் பார்ப்பது, ஆண்டுக்கு ஆண்டு பெயர்கள் மாறும். பிளெக்ஸ் போர்டுகளில் இந்த வித்தியாசத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.

ஸ்கோபஸ்ல நான் மூணு ஆளா இருக்கேன். என்ன பண்றது?

இது நம் ஊருக்கே உரிய வியாதி. அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாக வைக்கும் நம் வழக்கம், குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் பொருந்தாது. கு. செந்தில் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு ஜர்னலில் அவர் கே. செந்தில், இன்னொன்றில் செந்தில் கே., பாஸ்போர்ட் எடுத்த பிறகு செந்தில் குப்புசாமி. தரவுத்தளத்துக்கு இவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் தனித்தனி எச்-இன்டெக்ஸ், மூன்றும் சின்னது. நோபல் பெற்ற சந்திரசேகரின் முழுப்பெயரில் முன்னால் நிற்கும் சுப்ரமணியன் அவருடைய அப்பா பெயர். அவரது சொந்தப் பெயர் கடைசியில் நின்றதால் தப்பித்தார், சந்திரசேகர் எல்லை என்று சரியாகவே வழங்குகிறது.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை அதையே போடுங்கள். ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளருக்கான அடையாள எண், வாங்குங்கள், இலவசம், 16 இலக்கம். அப்புறம் ஸ்கோபஸில் பிரிந்து கிடக்கும் பதிவுகளை ஒன்றாக்கும்படி விண்ணப்பிக்கலாம். நான் இந்த மேசையில் செய்த வேலைகளில் ஒருவருடைய எச்-இன்டெக்ஸை உண்மையிலேயே உயர்த்தியது இது ஒன்றுதான்.

பேர் வரிசையில முதல்ல இருந்தாத்தான் மதிப்பா?

துறையைப் பொறுத்தது. ஆய்வுக்கூட அறிவியலில் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருக்கு என்பது எழுதாத விதி. கணிதத்தில் அகரவரிசை, பொருளியலிலும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே முதலில் நிற்பது பெயரின் முதல் எழுத்து செய்த புண்ணியம். யுஜிசி கணக்கில் இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 சதவீதம், இரண்டுக்கு மேல் என்றால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30. அகரவரிசைத் துறைக்காரர்கள் இந்த இடத்தில் அநியாயமாக அடிபடுகிறார்கள்.

துகள் இயற்பியலைக் கேட்கவே வேண்டாம். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். எதிர்க்கோடியில், 1975இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரையில் "நாங்கள்" என்று தட்டச்சு செய்துவிட்டார். முழுதும் திருப்பி அடிக்க அலுப்புப்பட்டு, தன் பூனையை இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். எஃப்.டி.சி. வில்லர்டு என்ற அந்தப் பூனைக்கு ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் என்ற பெயர்பெற்ற இயற்பியல் ஜர்னலில் கட்டுரை இருக்கிறது. நம்மில் பலருக்கு இல்லை.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். கான்ஃபரன்ஸ் பேப்பரை யாரும் மதிக்க மாட்டேங்கறாங்க.

உங்கள் துறையில் நியூரிப்ஸ், சிவிபிஆர் போன்ற மாநாடுகளில் இடம் கிடைப்பது பல ஜர்னல்களை விடக் கடினம். கணினி படங்களை அடையாளம் காண உதவும் ரெஸ்நெட் முறையைச் சொன்ன கட்டுரை 2016 சிவிபிஆரில் வந்தது. கூகுள் ஸ்காலரில் அதற்கு 2 லட்சத்துக்கும் மேல் மேற்கோள். வேறு துறைக்காரர் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவுக்கு இது தெரியாது. நீங்கள்தான் ஒரு வரியில் சொல்ல வேண்டும். ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி நடக்கும், பணம் கட்டினால் சான்றிதழ் தரும் மாநாட்டுக்கு இந்த வாதம் செல்லாது.

நான் தமிழ்த்துறை. ஸ்கோபஸ்ல தேடினா ஆளே இல்லைங்குது. நாங்க ஆராய்ச்சியே பண்ணலையா?

கோபம் நியாயம். அந்தத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில ஜர்னல்களுக்காகக் கட்டப்பட்டவை. தமிழில் எழுதிய கட்டுரை, தமிழில் வந்த நூல், அந்த நூலின் அடிக்குறிப்பில் இருக்கும் மேற்கோள் எதுவும் அவற்றின் வலையில் சிக்காது. மொழி, இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் வேலையின் அலகே புத்தகம்தான். ஐராவதம் மகாதேவன் 1960களில் தொடங்கித் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளோடு பல பத்தாண்டுகள் உழைத்து, 2003இல் ஒரு பெருநூல் கொண்டுவந்தார். அந்தத் துறையில் யார் எழுதினாலும் அதைத் தொடாமல் போக முடியாது. எச்-இன்டெக்ஸ் கணக்கில் அது ஒரே ஒரு உருப்படி.

அப்போது எதைக் காட்டுவது? நூலுக்கு வந்த மதிப்புரைகள், எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பது, பிறர் ஆய்வேடுகளில் எங்கே எடுத்தாளப்பட்டது என்பது. வேர்ல்ட்கேட்டில் தேடினால் உங்கள் நூல் எந்தெந்த நாட்டு நூலகங்களில் இருக்கிறது என்று தெரியும். கூகுள் ஸ்காலரில் நூலின் தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே தேடிப் பாருங்கள். எதிர்பாராத மேற்கோள்கள் அகப்படும்.

என் பேப்பரை நானே சைட் பண்ணா தப்பா?

தப்பில்லை. நேற்று செய்த வேலையின் மேல் இன்று கட்டுகிறீர்கள் என்றால் நேற்றையதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொடர்பே இல்லாத இடத்தில் ஆறு சொந்தக் கட்டுரையைச் செருகுவதும், "நீ என்னுடையதைப் போடு, நான் உன்னுடையதைப் போடுகிறேன்" என்று நண்பர்களுக்குள் மொய் வைப்பதும்தான் தப்பு. மொய் நோட்டை யாராவது ஒரு நாள் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று காட்டவே சிலர் சோதனை செய்திருக்கிறார்கள். 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கணினி உளறிக்கொட்டிய போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்ட வைத்து, ஐக் அன்ட்கேர் என்ற இல்லாத ஆளுக்கு கூகுள் ஸ்காலர் வழியாக எச் 94 வாங்கிக் கொடுத்தார். 2024இல் லாரி என்ற பூனைக்கு அதே வழியில் எச் 11. இரண்டாவது பூனை. சிறிய துறைகளில் இது இன்னும் எளிது. கொஞ்சம் மேற்கோள் கூடினாலே உச்சிக்குப் போய்விடலாம். வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் 2023இல் தன் உயர்மேற்கோள் ஆய்வாளர் பட்டியலில் கணிதத்தையே விட்டுவிட்டதற்கு இதுதான் காரணம்.

என் கட்டுரை தப்புன்னு திட்டி எழுதினாலும் சைட்டேஷன் ஏறுமா?

ஏறும். எண்ணும் இயந்திரத்துக்குப் பாராட்டும் திட்டும் ஒன்றுதான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 லான்செட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு ஏராளமான மேற்கோள்கள் உண்டு, பெரும்பாலானவை மறுப்பதற்காக எழுதியவை.

குழந்தை பிறந்து மூணு வருஷம் எழுதவே இல்லை. என் நம்பரை இன்னொருத்தரோட எப்படி ஒப்பிட முடியும்?

அப்படியே ஒப்பிடக்கூடாது. ஹிர்ஷ் சொன்ன வருடத்தால் வகுக்கும் முறையிலேயே அந்த மூன்று வருடத்தைக் கழித்துவிட்டு வகுக்கலாம். ஐரோப்பிய ஆய்வுக் குழுமம் தன் நிதித் திட்டங்களின் தகுதி வரம்பில் தாய்மார்களுக்குக் குழந்தைக்கு 18 மாதம் என்று கூட்டிக் கொடுக்கிறது. நம் படிவங்களில் அதற்கென்று கட்டம் இல்லாவிட்டாலும் விண்ணப்பக் கடிதத்தில் ஒரே வரியில், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல், இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை விடுப்பு என்று எழுதுங்கள்.

ஒரே துறை, ஒரே வயசு, ரெண்டு பேருக்கும் எச்-இன்டெக்ஸ் 14. கமிட்டியில யாரை எடுக்கிறது?

இதைக் கேட்டவர் தேர்வுக் குழுவில் இருந்த மூத்த பேராசிரியர். "கட்டுரைகளைப் படித்துப் பார்த்தீர்களா சார்?" என்று கேட்டேன். சிரித்தார். இருநூறு விண்ணப்பம் வந்தால் எல்லாவற்றையும் படிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடைசியில் நிற்கிற இரண்டு பேருக்கு அந்தச் சாக்கு இல்லை. ஒவ்வொருவரிடமும் "உங்கள் வேலையில் சிறந்த மூன்று கட்டுரை எவை, அவற்றில் உங்கள் பங்கு என்ன" என்று கேட்டு வாங்கி, அந்த ஆறையும் படித்துவிடலாம். ஆய்வாளரை எடைபோட ஜர்னல் அளவுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும், 2015இல் வந்த லைடன் அறிக்கையும் சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

பீட்டர் ஹிக்ஸ் 1964இல் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு பத்துக்கும் குறைவாகவே எழுதினார். இன்றைய முறையில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். ரஷ்யக் கணித அறிஞர் பெரெல்மான் பாயின்காரே யூகத்தின் நிரூபணத்தை 2002-03இல் முன்வரைவுகளுக்கான ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றியதோடு சரி, எந்த ஜர்னலுக்கும் அனுப்பவில்லை. யுஜிசி படிவத்தில் அதற்கு எத்தனை மதிப்பெண் என்று மேலே சொன்ன மதிப்பெண் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேராசிரியர் மறுநாள் ஆறு கட்டுரைகளின் அச்சுப்படி கேட்டு வந்தார். மூன்றுக்கு எங்கள் நூலகத்தில் சந்தா இல்லை, ஆசிரியர்களுக்கே எழுதி வாங்கிக் கொடுத்தேன்.